ஆஸ்டியோபதி கைமுறை சிகிச்சை: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தர்மபுரியில் பிசியோதெரபி பார்க்கிறேன். படிப்பு முடித்த பிறகு ஆஸ்டியோபதி முறையிலான கைச்சிகிச்சையையும் கற்றுக்கொண்டு செய்கிறேன். வருகிறவர்கள் பலர் கட்டிலில் குப்புறப் படுத்த பிறகுதான் கேள்வி கேட்கவே ஆரம்பிப்பார்கள். முகம் கட்டிலின் ஓட்டைக்குள் இருக்கும், குரல் தரையிலிருந்து வரும். அந்தக் கேள்விகளெல்லாம் படுப்பதற்கு முன்பே கேட்க வேண்டியவை. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆஸ்டியோபதி என்றால் எலும்பு டாக்டரா?

இல்லை. எலும்பு டாக்டர் என்று நாம் சொல்வது ஆர்த்தோ டாக்டரை. அவர் எம்.பி.பி.எஸ். முடித்து, எலும்பு மூட்டு மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். மாவுக்கட்டு போடுவார், ஆபரேஷன் செய்வார். ஆஸ்டியோபதி வேறு. தசை, மூட்டு, அவற்றைச் சுற்றிய சவ்வு ஆகியவை எங்கே இறுகியிருக்கின்றன என்று கையால் தடவிப் பார்த்து, கையாலேயே தளர்த்துவது. மருந்து, ஊசி எதுவும் இதில் கிடையாது.

இதை ஆரம்பித்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர். 1864-ல் மூளைக்காய்ச்சலில் தன் பிள்ளைகளை இழந்தவர். அந்தக் காலத்து மருந்துகள் மீது நம்பிக்கை போய், உடலின் கட்டமைப்பைச் சரிசெய்தால் உடல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்ற எண்ணத்தை 1874-ல் முன்வைத்தார். 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற ஊரில் பள்ளி தொடங்கினார். அவர் சொன்ன எல்லாமே சரி என்று இன்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதுகெலும்பைத் தட்டினால் எல்லா நோயும் போய்விடும் என்பது போன்ற பேச்சு இன்னும் சில இடங்களில் கேட்கிறது. அதை நம்பாதீர்கள்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. யூடியூபில் அமெரிக்க ஆஸ்டியோபதி டாக்டர்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அமெரிக்காவில் அந்தப் படிப்பு படித்தவர் முழு மருத்துவர். மருந்து எழுதலாம், ஆபரேஷனும் செய்யலாம். பிரிட்டனில் அது 1993-ல் வந்த சட்டத்தின் கீழ் நடக்கும் தனித் தொழில், அங்கே அவர்கள் மருந்து எழுதும் மருத்துவர்கள் இல்லை. நம் ஊரில் இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போல பிசியோதெரபி படித்துவிட்டு இதைக் கூடுதலாகக் கற்றவர்கள். என்னால் உங்களுக்கு மாத்திரை எழுதித் தர முடியாது.

எங்கள் ஊரில் சுளுக்கு எடுக்கிறவர் இருக்கிறாரே, அவர் செய்வதும் இதுதானே?

கை செய்யும் வேலையில் ஒற்றுமை உண்டு. விளக்கெண்ணெய் தடவி நீவி விடுகிற பெரியவரின் விரல் நுனியில் இருக்கும் அறிவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற நீவும் முறையும், வர்மம் என்ற உடம்பின் புள்ளிகளைத் தொட்டுச் செய்யும் முறையும் இருக்கின்றன. சித்த மருத்துவத்தை முறையாகப் படிக்க ஐந்தரை ஆண்டு ஆகிறது.

வித்தியாசம், கை வைப்பதற்கு முன் நடப்பதில் இருக்கிறது. வலி தசையில் இருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா, உள்ளே சீழ் பிடித்திருக்கிறதா, நரம்பு நசுங்குகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் இழுத்து விட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். அந்தப் பத்தாவது ஆள் யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் வேலையே. வண்டியிலிருந்து விழுந்து வீங்கிப்போன காலோடு நேரே நீவி விடப் போகாதீர்கள். எலும்பு முறிவுக்கு நாட்டு முறையில் போடும் புத்தூர் கட்டுக்குப் போகிறேன் என்றாலும் சரி, முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

முதல் நாள் என்ன செய்வீர்கள்?

முதலில் பேசுவேன். பாதி நேரம் அதிலேயே போய்விடும். "பேச்சுக்கா காசு கொடுக்கிறோம்?" என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். அவருடைய வலி எப்போது வருகிறது என்று கேட்டதில், நடந்தால் கெண்டைக்காலில் வருகிறது, நின்றதும் போய்விடுகிறது என்றார். இருபது வருடமாக பீடி பிடிக்கிறவர். பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவருக்கு இருந்தது ரத்தக்குழாய் அடைப்பு. முதுகை எவ்வளவு நீவினாலும் அது சரியாகாது, அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

அப்புறம் நடக்கச் சொல்வேன். குதிகாலில் நடங்கள், கால் விரல் நுனியில் நடங்கள் என்பேன். சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்ப்பேன். தொட்டால் இரண்டு காலிலும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று கேட்பேன். கையை வைத்து இறுக்கம் தேடுவது அதற்குப் பிறகுதான்.

சிகிச்சை என்பது பல வகை. மெதுவாகத் தசையை அழுத்திப் பிடித்துத் தளர்த்துவது ஒன்று. நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, நீங்கள் எதிர்ப்பக்கம் ஐந்தாறு நொடி லேசாகத் தள்ளி, பிறகு விட்டுவிடுவது இன்னொன்று. அப்படி விட்டதும் தசை கொஞ்சம் கூடுதலாக நீளும். மூட்டைத் தொட்டில் ஆட்டுவது போல ஆட்டிக் கொடுப்பதும் உண்டு. வெடுக்கென்று ஒரு குறுகிய தள்ளு கொடுத்துச் சத்தம் வரவைப்பது கடைசி வகை. வீடியோக்களில் வருவது இது மட்டும்தான். என் கட்டிலில் இது குறைவாகவே நடக்கும்.

"டொக்"கென்று சத்தம் வந்தால்தான் விலகிய எலும்பு சேர்ந்தது என்று அர்த்தமா?

இல்லவே இல்லை. விரலில் சொடக்கு எடுக்கும்போது வருகிற அதே சத்தம்தான். மூட்டுக்குள் ஒரு வழவழப்பான நீர் இருக்கிறது. மூட்டு சட்டென்று விலகும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, அந்த நீரில் வாயுக் குமிழ் ஒன்று உண்டாகிறது. 2015-ல் கனடாவில் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ.-க்குள் வைத்து இழுத்து இதைப் படம் பிடித்தே காட்டினார்கள். எலும்பு எதுவும் இடம் மாறி உட்காரவில்லை. சத்தமே வராமலும் வலி குறையும், பெரிய சத்தம் வந்தும் ஒன்றும் மாறாமல் போகும். சத்தம் வரவில்லையே என்று வீட்டில் தம்பியை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லாதீர்கள். நிறைய பேர் இதைச் செய்கிறார்கள்.

உண்மையிலேயே பலன் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் அளவோடு. இடுப்பு வலி, கழுத்து வலி, கழுத்து இறுக்கத்தால் வரும் தலைவலி ஆகியவற்றுக்குப் பலரும் நிம்மதி கிடைத்ததாகச் சொல்கிறார்கள். ஆய்வுகளில் பார்த்தால் அந்தப் பலன் நடுத்தரம், சில ஆய்வுகளில் சிறிது. பிரான்சில் சில வாரங்களாகவோ அதற்கு மேலாகவோ இடுப்பு வலி உள்ள 400 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உண்மையான ஆஸ்டியோபதி சிகிச்சையும் மறுபாதிக்கு வெறுமனே தொடுவதுபோல் போலிச் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. அன்றாட வேலை செய்வதில் உண்மைச் சிகிச்சை பெற்றவர்கள் கொஞ்சம் மேலே இருந்தார்கள். ஆனால் அந்த வித்தியாசம் நோயாளி உணரும் அளவுக்குப் பெரியதா என்பது சந்தேகம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். இந்தத் தொழிலைச் செய்கிறவனாக அதைப் படிக்க எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் உங்களிடம் மறைக்கக் கூடாது.

2023 கடைசியில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, முதுகுத்தண்டுக் கைச்சிகிச்சை, மசாஜ், வலியைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது ஆகியவற்றைச் செய்யலாம் என்கிறது. இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் டிராக்ஷனையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. வருடக்கணக்காக பெல்ட் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

நான் புரிந்துகொண்டது இது: கைச்சிகிச்சை வலியைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும். அந்த இடைவெளியில் நீங்கள் நடக்கவும் பயிற்சி செய்யவும் ஆரம்பிக்க வேண்டும். அதைச் செய்யாமல் கட்டிலில் மட்டும் படுத்து எழுந்து போனால் இரண்டு வாரத்தில் வலி திரும்பி வரும். சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா, குழந்தையின்மை இவற்றை எல்லாம் முதுகில் கை வைத்துச் சரிசெய்வேன் என்று யாராவது சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

டிஸ்க் விலகியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. கையால் உள்ளே தள்ள முடியுமா?

முடியாது. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க், சோப்புக்கட்டி போல வெளியே வழுக்கி வருவதும் இல்லை. ஒரு வலியும் இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் டிஸ்க் பிதுக்கம் நிறைய பேருக்குத் தெரியும். நல்ல செய்தி என்னவென்றால், பிதுங்கிய பகுதி பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடுகிறது.

ஆனால் மூன்று விஷயங்களுக்குக் காத்திருக்கக் கூடாது: பாதம் தூக்க முடியாமல் தொங்குவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். ராத்திரி என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நிலையில் இடுப்பில் கை வைக்க யாரையும் விடாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

நம்ம ஊர்த் தண்ணீருக்கும் முதுகு வலிக்கும் சம்பந்தம் இருக்கிறதா?

இருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக இந்தக் கேள்விக்காகத்தான்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடிப் பாறையிலிருந்து ஃப்ளோரைடு தண்ணீரில் கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதைத் தாண்டிய போர் தண்ணீரை வருடக்கணக்காகக் குடித்தவர்கள் இங்கே ஏராளம். சிறுவயதில் குடித்தால் பல்லில் பழுப்புக் கோடு விழும், நம் ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் பல வருடம் குடித்தால் எலும்பிலும் படியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. முதுகெலும்பைக் கட்டி வைத்திருக்கும் தசைநார்கள் சுண்ணாம்பு ஏறி இறுகிவிடும். எக்ஸ்ரேயில் எலும்பு வழக்கத்தை விட வெள்ளையாகத் தெரியும். பார்ப்பதற்குக் கெட்டியான எலும்பு, ஆனால் முறியக் கூடியது. சிலருக்குத் தண்டுவடம் போகும் குழாயே சுருங்கி, நடை விறைத்துப்போகும்.

இப்படிப்பட்ட முதுகில் வெடுக்கென்று தள்ளினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். காய்ந்த மூங்கிலை வளைப்பது போலத்தான். அதனால் நாற்பது வயதுக்கு மேல் உடம்பு விறைத்து வருகிற எல்லோரையும் மூன்று காரியம் செய்யச் சொல்வேன். முழங்காலை மடக்காமல் தரையில் கிடக்கும் ஒரு ரூபாய்க் காசை எடுங்கள். மோவாயை நெஞ்சில் தொடுங்கள். இரண்டு கையையும் தூக்கிப் பிடரியில் கோத்துக்கொள்ளுங்கள். சாதாரண இடுப்புப் பிடிப்பு என்றால் முதல் காரியம் மட்டும் கஷ்டமாக இருக்கும், மற்ற இரண்டும் வரும். மூன்றுமே வராதவர் என்றால் நான் கையை எடுத்துவிட்டு எக்ஸ்ரேக்கு எழுதிக்கொடுத்து டாக்டரிடம் அனுப்புவேன்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். பல் பளிச்சென்று வெள்ளை. அதைப் பார்த்து நானே முதலில் ஏமாந்தேன். அப்புறம்தான் கேட்டேன், பிறந்த ஊர் எதும்மா என்று. காவிரிக் கரையோரம். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி இங்கே வந்து முப்பது வருடமாக ஒரே போர் தண்ணீர். பல் முளைத்த வயதில் நல்ல தண்ணீர் குடித்ததால் பல் தப்பித்தது, எலும்பு தப்பிக்கவில்லை. காசை எடுக்கக் குனிந்தவர் பாதி வழியில் நின்றுவிட்டு, "இதுக்கு மேல வராதுங்க" என்றார். முன்கை எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புக்கும் நடுவே முள் போலச் சுண்ணாம்பு படிந்திருந்தது. அவருக்கு வேறு இடத்தில் ஏற்கெனவே இரண்டு முறை கழுத்தை வெடுக்கென்று திருப்பியிருந்தார்கள். ஒன்றும் ஆகாதது அவருடைய நல்ல காலம்.

ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது, அது வந்ததே இந்த நோயைக் குறைக்கத்தான். அந்தத் தண்ணீர் வருகிற வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் அதையே வையுங்கள், போர் தண்ணீர் குளிக்கத் துவைக்க இருக்கட்டும். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகத்தான் ஆகும்.

வேறு யாருக்கெல்லாம் கூடாது?

வெடுக்கென்று தள்ளும் வகை கூடவே கூடாதவர்கள்: எலும்பு தேய்ந்து வலுவிழந்தவர்கள், புற்றுநோய் வந்து போனவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், எலும்பு முறிவு சந்தேகம் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்து, வேலை செய்யச் செய்யச் சரியாகும் இளைஞர்களும் முதலில் வாத நோய் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

முதுகு வலியோடு சாயங்காலக் காய்ச்சல், பசியின்மை, எடை குறைவது, ராத்திரி தூங்கவிடாத வலி இருந்தால் முதுகெலும்பில் காசநோய் இருக்கலாம். காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை. அரசு மருத்துவமனையில் அதற்குச் சிகிச்சை இலவசம், குணமாகும். நீவிக்கொண்டே நாளைக் கடத்தினால் முதுகு கூன் விழுந்து கால் செயலிழக்கும்.

கழுத்தைத் திருப்புவது ஆபத்தா?

அரிதாக, ஆனால் பெரிய ஆபத்து. கழுத்தெலும்புக்குள் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஓடுகிறது. வேகமாகத் திருப்பும்போது அதன் சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இதுவரை அனுபவிக்காத ஒரு கழுத்து வலியோ தலைவலியோ திடீரென்று வந்து, கூடவே தலைசுற்றல், பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிதல் இருந்தால் அது கையால் பார்க்கும் வலியே இல்லை, உடனே மருத்துவமனை. நான் கழுத்தில் வேகமான தள்ளு கொடுப்பதில்லை. மெதுவான முறைகளிலேயே கிட்டத்தட்ட அதே நிம்மதி கிடைக்கும்போது அந்த ஆபத்து எதற்கு? சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தைத் திருப்பி விடுவார்களே, அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். வரலாமா? பச்சைக்குழந்தைக்குச் செய்யலாமா?

கர்ப்பகால இடுப்பு வலிக்கு ஒருக்களித்துப் படுக்க வைத்து மென்மையாகச் செய்யலாம், உங்கள் மகப்பேறு டாக்டரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். ரத்தப்போக்கு, வயிற்று வலி இருந்தால் வர வேண்டாம். குழந்தை அழுகிறது, தலையை லேசாக அழுத்திச் சரிசெய்கிறேன் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. நான் செய்வதில்லை.

சிகிச்சை முடிந்த மறுநாள் உடம்பெல்லாம் வலிக்கிறது. தப்பாகிவிட்டதா?

ஒன்றிரண்டு நாள் தசை வலி இருப்பது சகஜம், முதல் நாள் வயல் வேலைக்குப் போனவருக்கு வருவது போல. வெந்நீர் ஒத்தடம் போதும். மூன்றாம் நாளும் கூடிக்கொண்டே போனாலோ, மரத்துப்போனாலோ போன் பண்ணுங்கள்.

எத்தனை முறை வர வேண்டும்?

மூன்று நான்கு முறையில் ஏதாவது மாற்றம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நான் நினைத்த காரணம் தவறு என்று அர்த்தம், டாக்டரிடம் திருப்பி அனுப்ப வேண்டும். இருபது முறைக்கு முன்பணம் கட்டச் சொல்லும் இடத்தில் கட்டாதீர்கள். உடம்பு எப்படிப் போகும் என்று முதல் நாளே யாராலும் சொல்ல முடியாது.

பொம்பளைப் பிள்ளையை அனுப்பத் தயக்கமாக இருக்கிறது.

தயக்கம் நியாயம். கூட ஒருவர் உள்ளேயே இருக்கலாம், இருக்க வேண்டும் என்று நானே கேட்பேன். சுடிதார், டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு வந்தால் போதும், எதையும் கழற்றத் தேவையில்லை. எங்கே தொடப் போகிறேன், எதற்காக என்று முதலில் சொல்ல வேண்டியது என் கடமை. பாதியில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் சொல்லத் தேவையில்லை.

பேருக்குப் பின்னால் டி.ஓ. என்று போட்டிருந்தால் நம்பலாமா?

ஆஸ்டியோபதி படித்தவர்கள் டி.ஓ. என்று போடுவது உண்டு, ஆனால் அந்த எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நம் நாட்டில் கண் மருத்துவப் பட்டயம் முடித்த டாக்டரும் டி.ஓ. என்றுதான் போடுகிறார். அடிப்படைப் படிப்பு என்ன என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. பிசியோதெரபி என்றால் கல்லூரியில் பல ஆண்டுப் பட்டப்படிப்பு. வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் பலகை மாட்டலாம். உங்களைத் தொடுவதற்கு முன்னால் அவர் எத்தனை கேள்வி கேட்கிறார் என்பதைப் பாருங்கள். சான்றிதழை விட அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பாலக்கோட்டில் தக்காளி லோடு ஏற்றுகிறேன். லீவு போட முடியாது. என்ன செய்வது?

படுத்தே இருக்கச் சொல்ல மாட்டேன், அதுவும் நல்லதில்லை. தக்காளிப் பெட்டியை உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்குங்கள். தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பாதீர்கள், காலை மாற்றி வைத்து மொத்த உடம்போடு திரும்புங்கள். வலி கடுமையாக இருக்கிற ஒரு வாரம் கீழே இருந்து தூக்குவதை மட்டும் கூட்டாளியிடம் விட்டுவிட்டு, வண்டி மேல் நின்று வாங்கி அடுக்குகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேஸ்திரியிடம் சொல்லச் சங்கடம் என்றால் ஒரு சீட்டு எழுதித் தருகிறேன்.

அம்மா படுத்த படுக்கை. கூட்டிவர வழியில்லை, செலவும் கட்டாது.

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், காசில்லை. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

நாளைக்கு வருகிறேன். என்ன எடுத்து வர வேண்டும்?

பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் இருந்தால் படத்தோடு கொண்டு வாருங்கள், ரிப்போர்ட் மட்டும் போதாது. போடுகிற மாத்திரைகளின் அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள், பெயர் ஞாபகம் இல்லை என்று சொன்னால் நான் கை வைக்க யோசிப்பேன். டாக்டர் கொடுத்த மாத்திரையை எனக்காக நிறுத்திவிட்டு வராதீர்கள். அப்புறம், பிறந்ததிலிருந்து எந்தெந்த ஊரில் இருந்தீர்கள், அங்கே குடித்தது ஆற்றுத் தண்ணீரா, கிணறா, போரா என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.